டாக்டர் சொன்ன டெஸ்ட்

மே மாதம், செவ்வாய்க்கிழமை இரவு

தலையணை உறையில் மறுபடியும் ரத்தம். கன்னத்தில் ஒரு பரு உடைந்திருக்கிறது. எந்தப் பக்கம் படுத்தாலும் வலி.

இன்று அம்மாவோடு பாண்டிக்குத் தோல் டாக்டரிடம் போனேன். க்ரீம், ஆன்டிபயாடிக் எதற்கும் பரு அடங்கவில்லை, இனி அந்த ஸ்ட்ராங் மாத்திரைதான் என்றார். யூடியூபில் நான் பார்த்துப் பார்த்து மனப்பாடம் செய்துவைத்திருந்த அதே மாத்திரை! சந்தோஷத்தில் கத்தியே இருப்பேன்.

"உதடு வெடிக்கும், தோல் காயும், வெயில் ஆகாது" என்றார்.

"உப்பு வார்ற எங்களுக்கு அதெல்லாம் மாத்திரை இல்லாமலே வருதுங்க" என்று அம்மா சிரித்தாள்.

இதைச் சாப்பிடும்போது கர்ப்பமானால் குழந்தைக்கு ஆபத்து, அதனால் முதலில் கர்ப்பம் இல்லையென்று டெஸ்ட் எடுக்க வேண்டும், உங்கள் ஊர் லேபிலேயே எடுக்கலாம் என்றார். அம்மாவின் சிரிப்பு நின்றது.

பஸ்ஸில் வெடித்தாள். "பதினேழு வயசுடி உனக்கு! மரக்காணம் லேப்ல இருக்கிறது எதிர்வீட்டு செல்வி. அவகிட்ட போய் இந்த டெஸ்ட்டுன்னு சொன்னா சாயங்காலத்துக்குள்ள உப்பளம் பூரா தெரியும். மாத்திரையும் வேணாம், ஒண்ணும் வேணாம்!"

எல்லாப் பெண்களுக்கும் எடுப்பதுதான் என்று வீடியோ காட்டினேன். பார்க்கவில்லை.

என் சினிமா ஹீரோவுக்காக நான் நடத்தும் இன்ஸ்டா பேஜில் ரசிகர்கள் தினமும் என் முகத்தைக் கேட்கிறார்கள். வீடியோவில் குரலை மட்டும்தான் கொடுக்கிறேன். இந்த முகத்தோடு எப்படி...

போன் வெளிச்சத்தில் இதை எழுதும்போது அம்மா இருட்டிலிருந்து சொன்னாள்: "நாளையிலருந்து உப்பளத்துக்கு சோறு நீ எடுத்துட்டு வராத. அந்த மாத்திரைக்கு வெயில் ஆகாதுன்னாரே."

"அப்ப டெஸ்ட்ட பாண்டிலயே எடுத்துக்கலாமாம்மா?"

திரும்பிப் படுத்தாள். தூங்கிவிட்டாளாம். வழக்கமான குறட்டையைக் காணோம்.