ஒன்பதாம் மாதத் தடுப்பூசி

பெங்களூர்,
11.5.2025

அன்புள்ள மாமாவுக்கு,

எழில் எழுதுகிறேன். போனில் நீங்கள் மழையைப் பற்றிச் சொல்கிறீர்கள், நான் 'ம்' என்கிறேன், வைத்துவிடுகிறோம். அதனால்தான் கடிதம். காலையில் தோட்டத்துக்குப் போகுமுன் ஏதாவது சாப்பிடுகிறீர்களா?

இந்த வாரம் ஆபீசில் ஒரு பிழையைச் சரிசெய்தேன். எங்கள் சாஃப்ட்வேரை வைத்துத்தான் சில ஆஸ்பத்திரிகள் கர்ப்பிணிகளுக்கு மெசேஜ் அனுப்புகின்றன. செக்கப் எப்போது, பிறகு குழந்தைக்கு ஊசி எப்போது என்று. தருமபுரி பக்கத்து இண்டூரிலிருந்து சோபனா என்ற பெண் புகார் செய்திருந்தாள். அவள் குழந்தை பிறக்குமுன்பே வயிற்றிலேயே இறந்துவிட்டது. அதன் பிறகும் 'உங்கள் செல்லத்துக்குத் தடுப்பூசி' என்று மெசேஜ் போயிருக்கிறது. நான் பேசினேன். "போன எடுக்கவே பயமாயிருக்குதுங்க மேடம், நிறுத்திருங்க" என்றாள்.

பிரசவத் தேதி தாண்டினால் குழந்தை நல்லபடியாகப் பிறந்துவிட்டதாக ப்ரோகிராம் தானே எடுத்துக்கொள்கிறது. நர்ஸ் பதிவு செய்ததைப் பார்ப்பதே இல்லை. பார்க்கும்படி மாற்றினேன். இனி அவளைப் போன்ற யாருக்கும் அது போகாது. எல்லோரும் பாராட்டினார்கள். நான் பாத்ரூமில் போய் அழுதேன்.

நம் குழந்தை போன மூன்றாம் நாளே நீங்கள் தக்காளி லோடு ஏற்றக் கிளம்பினீர்கள். அதைத் தாங்க முடியாமல்தான் வீட்டிலிருந்து பார்த்த வேலையை இங்கே மாற்றிக்கொண்டு வந்தேன். கோபமாக எழுதவில்லை. உங்களால் எப்படி முடிந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

எழிலரசி

மாரண்டஹள்ளி,
25.5.2025

எழிலுக்கு,

மாதேஷ் எழுதுவது. நான் நலம். பள்ளிக்கூடத்துக்குப் பிறகு கடிதமே எழுதியதில்லை, தப்பிருந்தால் சிரிக்காதே.

நீ நிறுத்தின மெசேஜ் எனக்கும் வந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் என் நம்பரைத்தானே கொடுத்தாய். முதல் தடவை வந்தபோது வண்டியை ஓரம்கட்டி உட்கார்ந்துவிட்டேன். உன் போனுக்கு வரவில்லையே, அதுவரைக்கும் நல்லது என்று உன்னிடம் சொல்லவில்லை. நிறுத்தச் சொல்லத் தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் முறை வந்ததும் "ஒண்ணுமில்லீங்க" என்று திரும்பிவிட்டேன்.

இங்கே யாரும் நம் மகளைப் பற்றிப் பேசுவதில்லை. அம்மாவிடம் ஒருநாள் பேச்செடுத்தேன். "அதயே நெனச்சிட்டிருந்தா ஆவுமாடா? வூட்டுக்கு அடுத்தது வரும்" என்றார். நீயும் பேசவில்லை. அந்த மெசேஜ் மட்டும்தான் அவளுக்கு வயது சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்தது ஒன்பதாம் மாதத் தடுப்பூசி என்று போன மெசேஜிலேயே போட்டிருந்தது. உன் கடிதத்தைப் படித்த பிறகும் போனைப் பார்த்தபடியே இருந்தேன். வரவில்லை.

மூன்றாம் நாள் போனது நிஜம். வீட்டில் இருந்தால் உன் எதிரிலேயே உடைந்துவிடுவேனோ என்று பயந்து போனேன். பாலக்கோடு மார்க்கெட்டில் வண்டியை விட்டு என்னால் இறங்க முடியவில்லை. கூட வியாபாரம் செய்யும் பச்சியப்பன்தான் லோடை இறக்கிவிட்டு என்னை வீட்டில் கொண்டுவந்து விட்டான்.

நீ செய்தது சரிதான். அந்தப் பெண்ணுக்காகச் செய்யத்தான் வேண்டும். எனக்குத்தான் என்னவோபோல் இருக்கிறது.

மாதேஷ்

பெங்களூர்,
1.6.2025

அன்புள்ள மாமா,

உங்கள் நம்பரைக் கொடுத்ததே எனக்கு மறந்துபோயிருந்தது. கடிதத்தை ஆபீஸ் பஸ்ஸில் படித்துவிட்டு, இறங்கவேண்டிய இடத்தில் இறங்காமல் போய்விட்டேன்.

மறுநாள் மேனேஜரிடம், மெசேஜை நிறுத்தினால் மட்டும் போதாது, ஒருவர் போன் செய்து பேசவும் வேண்டும் என்றேன். "இதுக்கெல்லாம் ஆள் போட முடியுமா எழில்?" என்றார். விடவில்லை. சோபனா பிரசவத்துக்குப் போன ஆஸ்பத்திரியில் நர்ஸ்கள் ஒப்புக்கொண்டார்கள். இனி அங்கே குழந்தையை இழந்தவர்களை அவர்களே கூப்பிட்டு, அம்மாவிடமும் அப்பாவிடமும் பேசுவார்கள். அப்பாவிடமும் என்பதை நான்தான் சேர்க்கச் சொன்னேன்.

வேலையில் ஒரு தவறு வந்தால், முழுவதும் பார்க்காமல் நான் எதையும் தொடமாட்டேன். உங்கள் விஷயத்தில் ஒரே ஒரு நாளைப் பார்த்து முடிவுகட்டிவிட்டேன்.

பிரசவத்தன்று நான் மயக்கத்தில் இருந்தேன். கண் விழித்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தது நீங்கள்தான். எங்கே புதைத்தீர்கள் என்றுகூட நான் கேட்டதில்லை. அவள் எப்படி இருந்தாள் மாமா?

உங்கள் எழில்

மாரண்டஹள்ளி,
7.6.2025

எழிலுக்கு,

முடி நிறைய இருந்தது. நெற்றி உன்னுடையது. வலது காதின் மேல்பக்கம் எனக்கு இருப்பதுபோலவே மடிந்திருந்தது. நர்ஸ் கையில் கொடுத்தபோது உடம்பில் இன்னும் சூடு இருந்தது. தூங்குகிறாள் என்றே நினைத்தேன்.

நம் கிணற்றுக்குக் கிழக்கே, வேலியோரம் இருக்கிறாள். அடையாளம் எதுவும் வைக்கக்கூடாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள், வைக்கவில்லை. அந்த இடத்தில் மட்டும் டிராக்டர் விடுவதில்லை. ஏன் என்று ஓட்டுகிறவன் கேட்டான். "அடியில பாறை இருக்குதுப்பா" என்றேன்.

அடுத்த சனிக்கிழமை ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து நிற்கிறேன். வீட்டுக்குப் போகுமுன் தோட்டத்துக்குப் போவோம். அவளிடம் நான் மட்டுமே தனியாகப் பேசிக்கொண்டிருக்கிறேன், நீயும் வா.

மாதேஷ்