கிளம்பும்போது சொல்லும் நோவு

கொல்லிமலை,
ஞாயிறு.

அன்புள்ள பிரேம் கண்ணுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே பனியும் மழையும் நானும் ஒருவருக்கொருவர் துணையாக இருக்கிறோம், குறையில்லை. டப்ளின் குளிரில் நீ சோறு ஆக்கித் தின்கிறாயா, ரொட்டியோடு படுத்துவிடுகிறாயா என்று அதே நினைப்பு. பலா ஒன்று பழுத்து விழுந்தது. ஒரு ஆளுக்கு எத்தனை சுளை வேண்டும், மீதியைப் பக்கத்து வீட்டு ராசுவுக்குக் கொடுத்துவிட்டேன்.

போன வாரம் நீ சொன்னதுதான் மனதை அரிக்கிறது. வருட மதிப்பீட்டில் உன் வார்டு மேலதிகாரி, நோயாளிகளிடம் அதிக நேரம் எடுக்கிறாய் என்று எழுதிவிட்டாராம். இனி மளமளவென்று முடித்துவிட்டுப் போவேன், புண் பராமரிப்புப் படிப்புக்குக் கொடுத்த பெயரையும் மாதக் கடைசிக்குள் எடுத்துவிடுவேன் என்றாய். போனில் மறுத்தால் சரிம்மா என்று முடித்துவிடுவாய், அதனால் எழுதுகிறேன். வீடு வீடாக வந்து பார்க்கும் நம் ஊர் நர்ஸ் கவிதா இதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவாள். படித்துவிட்டுத்தான் அனுப்புவாள், பரவாயில்லை, அவள் கதையும் இதில் இருக்கிறது.

நம் பக்கத்தில் நோவை யாரும் முதலில் சொல்ல மாட்டார்கள், உனக்குத் தெரியும். மிளகுக்கொடி, மழை, மரவள்ளியைப் பன்றி தோண்டியது எல்லாம் பேசி, வந்தவர் கிளம்ப எழும்போதுதான், இந்தக் காலுதான் கொஞ்சம் என்று இழுப்பார்கள். கவிதா அதற்காகவே உட்கார்ந்து பேசுவாள். பார்த்த வீடுகள் குறைவு என்று போன வருடம் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் பேச்சு வாங்கினாள். அதிலிருந்து வாசலில் நின்றே, ஏனுங்க மாமா, ஒடம்புக்கு ஏதாச்சுமுங்களா என்பாள். ஒண்ணுமில்ல புள்ள என்பார் ராசு. அடுத்த வீட்டுக்குப் போய்விடுவாள். சர்க்கரைப் புண் பயிற்சிக்கு நாமக்கல் போனால் அன்றைக்கு வீடுகள் குறையும் என்று அதற்கும் போகவில்லை. யாரும் கவனிக்காமலே சர்க்கரைப் புண் முற்றி, ராசுவின் கால் கட்டைவிரலை எடுக்கும்படி ஆயிற்று. அதே மாதம் மீட்டிங்கில், நிறைய வீடுகள் பார்த்தாள் என்று அவளுக்குப் பாராட்டு. என்னிடம் வந்து, திட்டுனப்பக்கூட எனக்கு அழுகை வரலீங்க டீச்சர், கை தட்டுனாங்க பாருங்க, அப்பத்தானுங்க வந்துச்சு என்று தேம்பினாள். ராசுவோ, அழுவாத புள்ள, மரம் ஏற இன்னும் ஒம்பது வெரலு இருக்குதுல்ல என்கிறார்.

பள்ளிக்கூடத்தில் நான் கணக்குத் தாளில் மதிப்பெண் மட்டும் போட்டுக் கொடுத்தால் பிள்ளைகள் அதைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடும். இந்த வரியில் தவறினாய், திரும்பப் போடு என்று எழுதினால்தான் அந்த வரியைப் பார்க்கும். உனக்கு வந்தது வெறும் மதிப்பெண், சாமி. வரியை நீதான் கேட்டு வாங்க வேண்டும். எந்த நோயாளியிடம் தாமதித்தேன், நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று பணிவாகக் கேள். அடுத்த கட்டிலில் ஒருவர் வலியோடு காத்திருந்திருக்கலாம், மேலதிகாரி சொல்வதிலும் நியாயம் இருக்கும். திருத்த வேண்டியதைத் திருத்து. படிப்பை மட்டும் விடாதே. கவிதா அடுத்த பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டாள். மறுபடி பேச்சு விழும் என்ற பயம் முகத்தில் இருக்கிறது, ஆனாலும் போகிறாள்.

நம் மலைச் சாமி அறப்பளீஸ்வரன் உன் கூடவே இருக்கட்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. இன்னொன்று கண்ணு, நல்லா இருக்கேன் என்று நான் சொன்னதும் போனை வைத்துவிடுகிறாய். கொஞ்சம் பொறுத்து வை. அதற்குப் பிறகுதான் எனக்குப் பேச்சே வருகிறது.

என்றும் உன் நினைப்பில்,
அம்மா பாப்பாயி