பக்கத்தைத் தள்ளிய கதை

என் வீட்டு ராசாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முழங்கால் சொன்னபடி கேட்கிறதா, இல்லை அதுவும் உங்களைப் போலத்தானா?

நான் பெருக்கித் துடைக்கும் பயிற்சி நிலையத்தில், தொடுதிரைப் பலகையில் பாடம் நடத்த ஆசிரியர்களைப் பழக்குகிறார்கள். நேற்று அவர்களுக்கு நடந்த தேர்வில் என்னை மாணவியாக உட்காரவைத்தார்கள். கணக்கு டீச்சர், "அக்கா, பக்கத்தைத் தள்ளுங்க" என்றார். நான் சக்கரம் வைத்த பலகையையே சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டேன்! ஒரே சிரிப்பு. தோற்றால் மறுபடி மூன்று மாதப் பயிற்சி என்று டீச்சர் கண் கலங்கினார்.

"இன்னொரு தடவை சொல்லிக்குடுங்க டீச்சர். எனக்குப் புரியாம ஒருத்தரும் நகரக் கூடாது" என்றேன். என் விரலைப் பிடித்துத் திரையில் நகர்த்தினார். அடுத்த பக்கம் வந்தது. தேறிவிட்டார்.

இனி எல்லாத் தேர்வுக்கும் நான்தான் மாணவியாம். புரியாமல் தலையாட்டமாட்டேன்.

மணி அடித்துவிட்டது. பலகை துடைக்க உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

உங்கள் வாயாடி