வதக்காத பிரண்டை

என் செல்லத் தங்கச்சி கனகாவுக்கு,

நான் மென்று பார்த்துக் கண்டுபிடித்த கீரைகளையெல்லாம் உன் பெயரில் எழுதிக்கொண்டாய். அது தப்பு. நீ கண்ணை மூடி இரண்டு வருடமாகியும் அதைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை.

போன வாரம் உன் மகள் செல்வி என்னை ஸ்கூட்டரில் ஏற்றி, சேத்தூர் போகிற வழியில் இருக்கும் கல்விப் பண்ணைக்குக் கூட்டிப்போனாள். மடவார் வளாகத்து வீட்டிலிருந்து அங்கே போய்ச் சேருவதற்குள் இடுப்பு விட்டுப்போயிற்று. வாசலிலேயே பலகை: ‘கனகா டீச்சர் உணவுச்செடித் தோட்டம்.’ பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, சாரணை எல்லாம் பாத்தி கட்டி வளர்கின்றன. களையெடுக்கப் போன காடுகளிலிருந்து நான் மடியில் கட்டிக்கொண்டு வந்தவை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். அதையெல்லாம் கடைந்து உனக்குச் சோறு போட்டேன். நீ சாப்பிட்டுவிட்டு நோட்டில் எழுதினாய். ஓரிடத்திலாவது ‘அக்கா சொன்னது’ என்று எழுத உனக்குக் கை வரவில்லையா?

சுற்றிக் காட்டிய பெண் உன் பழைய மாணவியாம். வந்தவர்களுக்குப் பிரண்டைத் துவையல் அரைத்தாள். நாரை உரித்தாள், புளியும் மிளகாயும் வைத்தாள், பச்சைப் பிரண்டையை அப்படியே மிக்ஸியில் போட்டாள். உன் நோட்டில் உள்ளபடியே செய்தாள்; அதில் அவ்வளவுதான் இருக்கிறது. நல்லெண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்காவிட்டால் தொண்டை அரிக்கும் என்பது உனக்கு எப்படித் தெரியும்? நீ அடுப்படிக்கு வந்தது தட்டை நீட்ட மட்டும்தான்.

எனக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. உன் பெயர் கெடட்டும் என்றுதான் இருந்தேன்.

முதல் வாயிலேயே எல்லாரும் தொண்டையைப் பிடித்துக்கொண்டார்கள். “ஏட்டி, என்னத்தப் போட்ட? இந்த அரி அரிக்கே!” என்று ஒரு அம்மா கத்தினாள்.

அந்தப் பெண் கண் கலங்கிவிட்டாள். “டீச்சர் எழுதுனது தப்பா இருக்காதும்மா. நாந்தான் எதையோ விட்டுட்டேன்.”

கேட்டாயா? தொண்டை அரிக்கும்போதும் பழி உன்மேல் இல்லை. என்னை யார் அப்படி நம்பியிருக்கிறார்கள்?

செல்வி மட்டும் என் முகத்தையே பார்த்தாள். “பெரியம்மா, ஒங்களுக்கு முன்னாடியே தெரியும்தான?”

“தெரியும்.”

“பொறவு ஏன் சொல்லல?”

“ஒங்கம்மாட்டப் போய்க் கேளு.”

அரிப்பு அடங்க எல்லாருக்கும் மோர் கொடுக்கச் சொன்னேன். அதையும் செத்த நேரம் கழித்துத்தான் சொன்னேன்.

இனி ஆகவேண்டியது இது. பண்ணைக்காரர் பலகையில் உன் பெயருக்கு மேலே என் பெயரை எழுத வேண்டும். கீழே எழுதினால் ஒத்துக்கொள்ள மாட்டேன், நான் மூத்தவள். செல்வி உன் நோட்டை எடுத்து வந்து, விட்டுப்போனதை நான் சொல்லச் சொல்ல எழுத வேண்டும், உன் கையெழுத்தில் ஒன்றையும் அடிக்காமல். உன் மாணவி அடுப்புக்கு முன்னால் வந்து நிற்க வேண்டும். நான் சனிக்கிழமை இரும்புச் சட்டியோடு போய் அவள் கையில் கரண்டியைக் கொடுப்பேன். தெரிந்தே வாய் மூடியிருந்தேன் என்பதையும் அவளிடம் சொல்வேன். இது சத்தியம். நீ செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம்.

உனக்கு முன்னால் பிறந்து, உனக்குப் பின்னாலும் இருக்கிற
உன் அக்கா
ராசம்மா