சொல்லாத மூன்று நாள்

மல்லாவி
4.2.2018

அன்பின் அத்தானுக்கு,

நானும் மகள் ஆரணியும் சுகம். கோழி வெட்டும் தொழிற்சாலையில் நாள் முழுக்க குளிருக்குள் நிற்கிறீர்கள் என்பதுதான் கவலை.

அகதியாக ஏற்றுப் பாதுகாப்பு விசா தர மறுத்த தீர்ப்பாயத்தின் கடிதத்தை இங்கிலிஷ் ரீச்சர் வாசித்துச் சொன்னார். சண்டை முடிந்த கையோடு முகாமிலிருந்து ஆமி உங்களைப் பிடித்துப்போன மூன்று நாளும் தனி அறையில் கிடந்தீர்கள் என்பதை நம்பவில்லையாம். அடி வாங்கின மனுசனைப் பொய்யன் என்று எழுத என்ன துணிவு? கோர்ட்டுக்குப் போங்கள். விடாதீர்கள்.

அம்மா இன்றைக்கும் தம்பி கோபுவின் படத்தோடு காணாமல் போனோருக்காகப் போராடும் கொட்டகையில்தான். "மருமோன் அங்கை நிண்டாத்தான் எங்கடை பிள்ளையைப் பற்றிக் கேக்க வெளியில ஒரு ஆள் இருக்கும்" என்கிறார். நீங்களோ போனில் இரண்டு வார்த்தையோடு வைத்துவிடுகிறீர்கள்.

உங்கள்
நிரூபா

*

டண்டினோங், மெல்பேர்ண்
18.6.2019

அன்பின் நிரூபா,

அவர்கள் தந்த முப்பத்தைந்து நாள் கெடுவுக்குள் ஓடிப்போய்ப் போட்ட வழக்கு நேற்றுத் தள்ளுபடி. போனில் சொன்னால் ஸ்பீக்கரில் போடுவாய், மாமியும் கேட்பார். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு என்ன நடந்தது என்று இந்தக் கோர்ட் கேட்காது. தீர்ப்பாயம் சட்டப் பிழை விட்டதா என்று மட்டும் பார்க்கும். வக்கீல் முந்நூறு பக்கம் புரட்டி அந்தப் பிழையைத் தேடினார். கிடைக்கவில்லை. கிடைக்காது. என்னைப் பொய்யன் என்று அவர்கள் எழுதியது சரி.

முதல் நாள்தான் அறை, அடி. மற்ற இரண்டு நாளும் முகத்தில் சாக்கைப் போட்டு, முகாம்காரரின் வரிசைக்கு முன்னால் இருத்தினார்கள். இயக்கத்தில் இருந்தவன் வந்தால் நான் தலையாட்ட வேண்டும். கோபு வந்தான். ஆட்டினேன்.

தீர்ப்பாய விசாரணையில் இதைச் சொல்லத்தான் போனேன். மொழிபெயர்க்க வந்தவர் ஊர் எது என்று கேட்டார். மல்லாவியில் கலியாணம் செய்தேன் என்றேன். "அட, எங்கடை ஆள்" என்று சிரித்தார். ஊருக்குக் கதை போய்விடும் என்று பயந்தேன். மூன்று நாளும் தனி அறை என்று சொல்லிவிட்டேன்.

நேற்று எல்லாம் முடிந்த பிறகு வக்கீலிடம் சொன்னேன். பேனாவை மூடி வைத்தார். "இதை அப்பவே சொல்லியிருந்தா உங்களை நம்பியிருப்பினம். இனி ஒரு கோர்ட்டும் கேளாது" என்றார்.

பத்து வருடமாக மாமிக்கு "தேடுவம், தேடுவம்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். மன்னிப்புக் கேட்க எனக்கு முகமில்லை.

புவிதரன்

*

மல்லாவி
9.7.2019

புவிதரன்,

கடிதத்தை அம்மாவுக்கு வாசித்தேன். அழவில்லை. "அண்டைக்கு அவன் என்ன உடுப்புப் போட்டிருந்தவனாம்?" என்று மட்டும் கேட்டார்.

சாட்சி இல்லை என்றுதான் கோபுவைப் பற்றிய ஒவ்வொரு விசாரணையிலும் எங்களைத் திருப்பி அனுப்பினார்கள். இப்போது சாட்சி இருக்கிறது. எந்தத் திகதி, எந்த முகாம், யார் பக்கத்தில் நின்றது, எந்த வாகனத்தில் ஏற்றியது, என்ன உடுப்பு, எல்லாவற்றையும் சத்தியக் கடதாசியில் எழுதிக் கையெழுத்து வைத்து அனுப்புங்கள்.

அதை நாங்கள் இங்கே கொடுத்தபின் அங்கிருந்து உங்களைத் திருப்பி அனுப்பினால், ஆமிக்கு எதிரான சாட்சி என்று விமான நிலையத்திலேயே பிடிப்பார்கள். தெரிந்துதான் கேட்கிறேன்.

கடதாசி வரும்வரை ஆரணியோடு கதைக்கப் போன் எடுக்க வேண்டாம்.

நிரூபா
கோபுவின் அக்கா