பிட்காயினில் போணி

மே 3

என் மென்பொருளில் ‘பணம் செலுத்துக’ பொத்தான் பச்சை நிறத்தில் இருக்கும் என்று இன்று காலை 11.40-க்கு முடிவு செய்யப்பட்டது. நீலமும் பரிசீலிக்கப்பட்டது. வேலையை விட்ட ஏழு மாதங்களில் நான் எடுத்த முதல் முடிவு.

பவ்யாவிடம் அறிவித்தேன். “மே முடியறதுக்குள்ள ஒருத்தராவது நெஜமா இதுல பணம் கட்டணும். இல்லன்னா வேற வேலை பாருங்க,” என்றாள். நிறம் குறித்து மனைவி கருத்துக் கூறவில்லை.

மே 9

கடைகள் பிட்காயினில் பணம் வாங்க என் மென்பொருள் உதவும். ஆவடி முழுக்க ஒரு கடையும் அந்த உதவியைக் கோரவில்லை. அண்ணனூர் ஸ்டேஷன் அருகே இட்லி மாவு விற்கும் துலுக்கானம் மட்டும் கேட்டார்: “எதுத்த கடைக்காரன் ரெண்டு க்யூஆர் அட்டை ஒட்டிக்கினுகீறான். உன்னுத ஒட்டுனா எனக்கு மூணு ஆவுமா?”

ஆகும் என்றேன். ஒப்பந்தம் முடிந்தது.

மே 17

சோதனை நாணயங்களைக் கொண்டு நாற்பது முறை செலுத்திப் பார்த்தேன். அவற்றுக்கு மதிப்பே கிடையாது. நாற்பதும் வெற்றி.

மே 24

பாதுகாப்பு கருதி, எங்கெங்கோ உள்ள கணினிகள் ஆறு முறை ஆமோதித்த பிறகே ‘பணம் வந்தது’ என்று திரை காட்டும். சிக்கனம் கருதி, அவற்றுக்கு ஆகக் குறைந்த கட்டணம்.

மே 30

காலை 6.10. முதல் வாடிக்கையாளர் நானே. ஒரு கிலோ மாவு. கைபேசியில் செலுத்தினேன். திரையில்: ‘காத்திருக்கவும்’.

பின்னால் நின்ற யுவராணி ரூபாய் நோட்டை நீட்டினாள். துலுக்கானம் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். “போணி இவரு கை. அது முடியாம இன்னொருத்தர் துட்டத் தொடமாட்டேன்.”

“இன்னா நைனா, ட்ரெயினு ஆவடி தாண்டிட்டுது!”

“ஆறு பேரு ஒத்துக்கணுமாம், இரும்மா. இன்னும் ஒருத்தன்கூட ஒத்துக்கல.”

“ஒரு கிலோ மாவுக்கு ஆறு பேரா? என் கல்யாணத்துக்கே ரெண்டு பேருதான் ஒத்துக்கினாங்க!”

ஏழு மணிக்கு வரிசை ரயில்வே கேட்டைத் தொட்டது. எட்டுக்கு எதிர்க்கடைக்குப் போய்விட்டது. கட்டணம் குறைந்தால் ஆமோதிப்பும் கடைசியில்தான் வரும்; அதில் போய் ஏன்டா மிச்சம் புடிச்ச என்று என்னையே திட்டிக்கொண்டேன். வெயில் ஏறியது. மாவும் ஏறியது — அண்டாவின் விளிம்பு வரை, பிறகு மேசைக்கு, பிறகு தரைக்கு.

10.52. ‘பணம் வந்தது’.

துலுக்கானம் திரையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு அண்டாவை முகர்ந்தார். “இருவது கிலோ புளிச்சுப்பூட்ச்சு. சாயங்காலம் வந்து நீயே வித்துக் குடு, நைனா.”

ஊத்தப்ப மாவு என்று கூவினேன். ஒரு மணி நேரத்தில் தீர்ந்தது.

மே 31

நானே செலுத்தியது செல்லாது என்பது பவ்யாவின் தீர்ப்பு. மேல்முறையீடு இல்லை.

ஜூன் 2

காலை ஐந்தரைக்கு மாவுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். சம்பளம் வாரா வாரம், ரொக்கமாக.