பேச்சை அறுத்த சோலார் சார்ஜர்

அன்புள்ள சித்ராவுக்கு,

நீயும் குட்டி ரோஷினியும் நலம்தானே? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? நான் நன்றாக இருக்கிறேன். கெட்டுப்போனது போன் மட்டும்தான்.

வெள்ளானூரில் கட்டட வேலைக்கு வந்த நாங்கள் தங்கியிருக்கும் கொட்டகைக்குக் கரண்ட் கிடையாது. அதனால் பட்டாபிராம் ஸ்டேஷன் அருகே மலிவாக ஒரு சோலார் சார்ஜர் வாங்கினேன். ஞாயிறு முழுவதும் வெயிலில் அதற்குக் காவல் இருந்தும் நான்கு சதவீதம்தான் ஏறியது. ஒயரைச் சொருகியபடியே உன்னைக் கூப்பிட்டேன். அங்கன்வாடி வேலையில் சேரட்டுமா என்று நீ கேட்டாய். தாராளமாகச் சேர் என்று நான் சொன்னபோது, போன் சூடேறிச் செத்துப்போயிருந்தது. கோபத்தில் வைத்துவிட்டேன் என்று நினைத்திருப்பாய்.

கடைக்காரனிடம் போனால், "வெயிலு கம்மியா கீது அண்ணாத்தே, நான் இன்னா பண்றது?" என்கிறான். தோல் உரிந்த என் கழுத்தைக் காட்டினேன். சிரிக்கிறான்.

உன் நம்பர் அந்தப் போனுக்குள்தான் இருந்தது. கல்யாணமாகி எட்டு வருடம் ஆகியும் மனப்பாடம் செய்யாதது என் தப்பு. பதிலில் நம்பரைப் பெரிதாக எழுது. பரணில் கிடக்கும் பட்டன் போனையும் கொஞ்சம் பருப்புப்பொடியும் அனுப்பு.

மேஸ்திரி கூப்பிடுகிறார். நீ இன்றே போய் வேலையில் சேர். என் பதிலுக்காகத்தான் இத்தனை நாள் காத்திருந்தாய் என்றால், இனிமேல் இதற்கெல்லாம் என்னைக் கேட்காதே.

உன்,
வரதன்